அமுக்கினால் எரியும் டோர்ச்

இது லண்டன் வெம்பிளியில் நடந்தது. 1990, நவம்பர். பேய் என்றாலே சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். எமில்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் கதை கட்டுகிற ஆளும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சுவாமியாருக்கே கொட்டாவி வரும். அவ்வளவு சின்னப் பாவங்கள்தான் அவளிடம் இருந்தன.

அன்று வியாழக்கிழமை. காலையில் எமில்டாவும் புருஷன் அருள்நேசனும் ஈலிங் ரோட்டில் ஒரு கடைக்குள் நின்று டோர்ச் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வேண்டும். ஒன்று அவனுடைய செக்யூரிட்டி வேலைக்கு. ஒன்று வீட்டுக்கு, படிக்குக் கீழே மீற்றர் இருக்கும் அலுமாரி பட்டப்பகலிலும் இருட்டு. மூன்றாவது, மன்னாரில் இருக்கிற அவளுடைய தங்கை கத்தரினுக்கு.

அருள்நேசன் முழங்கை நீளத்தில் ஓர் இரும்பு டோர்ச்சைத் தூக்கிப் பார்த்தான்.

“என்னத்துக்கு உலக்கை மாதிரி?”

“கள்ளன் வந்தா அடிக்கவும் வேணுமெல்லோ.”

“கள்ளன் வந்தா முதல் ஓடுறது நீங்கள்தான்.”

வீட்டுக்குச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் டோர்ச் போதும் என்று முடிவானது. தங்கைக்கு எடுக்கும்போதுதான் எமில்டா பகிடியை நிறுத்தினாள். ஊரில் சண்டை. கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுபோனால் வழியில் ஆமிக்காரர் பறித்துவிடுவார்கள். கத்தரின் கோயில் மண்டபமொன்றில் அகதியாக இருக்கிறாள் என்பதுதான் கடைசியாகக் கிடைத்த செய்தி. அதற்குப் பிறகு மூன்று கிழமையாகச் சத்தமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருட்டென்றால் உயிர் போகும். அதை நினைத்தாலே எமில்டாவுக்குச் சாப்பாடு இறங்காது.

கடைக்காரர் பற்றரியே தேவையில்லாத ஒன்றை எடுத்து வைத்தார். கைப்பிடியில் ஓர் இரும்பு நெம்பு. அமுக்கினால் கிர்ர் என்று உள்ளே சக்கரம் சுழன்று எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

“இதுதான் சரி” என்றாள் எமில்டா.

சனிக்கிழமை கொழும்புக்குப் பறக்கும் பத்மநாதன் அண்ணையிடம் கொடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் டோர்ச்சை வைத்தாள். மேலே சவர்க்காரம், பனடோல், ஒரு செபமாலை. மூடியை அழுத்திப் பூட்டி அறை அலுமாரியில் வைத்தாள். மூன்றரைக்கு அருள்நேசன் உலக்கையும் கையுமாக வேலைக்குப் போனான்.

நவம்பர் மாதம் லண்டனில் பின்னேரமே கிடையாது. நாலேகாலுக்கு வெளியே கறுத்துவிட்டது. எமில்டா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாற்பது.

கிர்ர்...

பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் என்று நினைத்தாள்.

கிர்ர்... கிர்ர்...

கத்தியை வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அலுமாரிக்குள்ளிருந்துதான் வருகிறது. கதவைத் திறந்தாள். தகரத்தின் மூடி விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு. வந்தது... போனது... வந்தது.

சவர்க்காரம் நெம்பில் அழுத்துகிறது போலும். அப்படித்தான் தனக்குத் தானே சொன்னாள். மூடியைக் கழற்றிச் சாமான்களை வெளியே எடுத்தாள். டோர்ச் தனியாகக் கிடந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை.

நெம்பு தானாக உள்ளே போனது. வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

கையில் எடுத்தாள். சில்லென்று ஈரம். கடல் தண்ணீர் மணம். அவள் விரல்கள் சும்மா இருந்தன. அவற்றின் மேலே... வேறு நாலு விரல்கள் அமுக்கின.

வேகமாக. விடாமல். அவதி அவதியாக.

“யேசுவே... விடு! விடு!”

விடவில்லை.

கட்டிலில் எறிந்தாள். மெத்தையில் கிடந்தும் அமுங்கியது. கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

அருள்நேசனின் இழுப்பறையில் கறுப்பு டேப் இருந்தது. நெம்பையும் பிடியையும் சேர்த்துச் சுற்றினாள். உள்ளே அது திமிறியது. இன்னும் இறுக்கிச் சுற்றினாள். பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தாள்.

நின்றது.

மீற்றர் அலுமாரிக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். புருஷன் வரும்வரை வெருண்ட கோழிபோலக் குசினி மூலையிலேயே இருந்தாள். அவன் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. சனிக்கிழமை பத்மநாதன் டோர்ச் இல்லாத தகரத்தோடு போனார்.

அடுத்த கிழமை டெலிபோன் வந்தது. இந்தியாவிலிருந்து. மண்டபம் என்ற ஊரின் அகதி முகாமில் இருக்கும் சிவனேஸ்வரி என்ற பெண். கத்தரினோடு ஒரே வள்ளத்தில் கடல் கடந்தவள்.

“அக்கா, போன வியாழன் இரவு ஓட்டி எங்களை நடுக்கடலிலை ஒரு மணல் திட்டியிலை இறக்கிப்போட்டுப் போயிட்டான். தண்ணி ஏறத் தொடங்கிட்டுது. தூரத்திலை ஒரு மீன்பிடி வள்ளம் போச்சுது. கத்தினம். கேக்கேல்லை.”

“கத்தரின் எங்கை?”

“கேளுங்கோ அக்கா... அவதான் கையைத் தூக்கிப் பொத்திப் பொத்தி விரிச்சவ. கைக்குள்ளை வெளிச்சம் எரிஞ்சுது. எங்களிட்டை டோர்ச் இல்லை. அவவின்ரை கையிலையும் ஒண்டுமில்லை. என்ரை கண்ணாலை பாத்தனான். அந்த வள்ளம் எங்களைப் பாத்துத் திரும்பிட்டுது.”

எமில்டா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“பாதி வழி வரேக்கை வெளிச்சம் நிண்டிட்டுது. ‘ஆரோ என்ரை கையைக் கட்டுறாங்கள், விரலை அசைக்க ஏலாமல் கிடக்கு’ எண்டு கத்தினவ. வள்ளம் எங்களைக் காணாமல் விலகிப் போட்டுது. விடிய வேறை ஆக்கள் வந்து ஏத்தினவை. அதுக்கு முதலே கத்தரினைத் தண்ணி கொண்டுபோட்டுது...”

“எத்தினை மணிக்கு?” கேட்டது அருள்நேசன். அவன் காதும் ரிசீவரோடு ஒட்டியிருந்தது.

“பத்து மணி கழிஞ்சிருக்கும்.”

ஊரில் இரவு பத்து என்றால் லண்டனில் பின்னேரம் நாலரை. அவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்குமுன்பே எமில்டா மீற்றர் அலுமாரிக்குள் இருந்தாள். டேப்பை நகத்தாலும் பல்லாலும் பிய்த்தாள். அமுக்கினாள். எரிந்தது. நல்ல டோர்ச். ஒரு குறையும் இல்லை. விடிய விடிய, கை வீங்கும்வரை அமுக்கினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் திருப்பி அமுக்கவில்லை.