கிழங்கு வைக்காத பீற்றூட்

கலியாணமாகி நான்காம் மாதம் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனுக்குக் குடிவந்தோம். குடியேற்றத் திட்டத்தில் என் கணவருக்கு வயற்காணியும் வீடு கட்ட ஒரு மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. வயல் அவருடைய பொறுப்பு. கிணற்றடியை ஒட்டிய துண்டு நிலம் என்னுடையது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. எதை ஊன்றினாலும் முளைக்கும் என்று நம்பினேன்.

நுவரெலியாவில் வேலை பார்த்த கணவரின் தமையனார் அந்த மார்கழியில் தபாலில் ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே சொரசொரப்பான விதைகள். மேலே ‘பீற்றூட் இனம்’ என்று எழுதியிருந்தார். நாங்கள் முதற் சொல்லை மட்டும்தான் மனதில் வாங்கிக்கொண்டோம். பீற்றூட்! சந்தையில் கண்டிருக்கிறேனே தவிர, அது வளர்ந்து நான் கண்டதில்லை.

மழை ஓய்ந்ததும் ஆட்டெரு கலந்து பாத்தி கட்டி, விதைகளை ஊறவைத்து ஊன்றினேன். எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒரு விதைக்கு இரண்டு, மூன்று முளைகள்! ஓடிப்போய்க் கணவரை இழுத்து வந்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று அவரும் குனிந்து பார்த்தார்.

தை முடிவதற்குள் செடிகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. தடித்த சிவப்புத் தண்டு, அகலமான பச்சை இலை. தினமும் அடிமண்ணை விரலால் விலக்கிக் கிழங்கைத் தேடினேன். மாசி பிறந்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

“இஞ்சருங்கோ, இண்டைக்கு ஒண்டைக் கிண்டிப் பாப்பமே?”

“கிண்டாமல் நீர் விடமாட்டீர். கிண்டும்.”

இழுத்தேன். எலிவால் மாதிரி ஒரு வேர்தான் வந்தது. அடுத்ததையும் பிடுங்கினேன். அதற்கடுத்ததையும். எதிலும் கிழங்கு இல்லை. கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், தமையனாரே வந்து இறங்கினார். நேரே கிணற்றடிக்குத்தான் போனார். வாடிக் கிடந்த மூன்று செடிகளையும் கண்டு திகைத்துவிட்டார்.

“என்ன பிள்ளை, ஏன் பிடுங்கினனீர்?”

“கிழங்கைக் காணேல்லை அத்தான்.”

“இதுக்கு ஏது கிழங்கு? பீற்றூட்டின்ரை இனம் எண்டுதானே எழுதினனான். இது கீரை. துரைமாரின்ரை தோட்டங்களிலை சுவிஸ் சாட் எண்டு வளக்கினம். வெளி இலையை மட்டும் வெட்டும், நடுக்குருத்தைத் தொடாதையும். வெட்ட வெட்ட வரும்.”

அந்த நிமிடமே கத்தியை எடுத்து வந்தேன். தண்டு ‘சடக்’ என்று முறிந்தபோது எனக்குள் ஒரு குதிப்பு. இலையை வெங்காயமும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கி வறையாக்கினேன். தண்டைப் பாற்கறி வைத்தேன். பால் முழுவதும் ரோசா நிறமாகிவிட்டது. தமையனார் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து நாளில் வெட்டிய செடிகளில் மறுபடியும் இலை! செய்தி பரவி, அயல் வீடுகளிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள்.

“ரத்தம் மாதிரிக் கிடக்கு. உந்தக் கீரையைத் தின்னலாமோ?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

அவருக்கு முன்னாலேயே ஒரு தண்டைச் சமைக்காமலே கடித்துத் தின்று காட்டினேன். அன்று அக்காவும் ஒரு பிடி கொண்டு போனார். பிறகு ஆறு வீடுகளுக்கு என் பாத்தியிலிருந்துதான் கறி.

வைகாசி வெயிலில் செடிகள் சோர்ந்து காய்ந்தன. பூக்கவும் இல்லை, விதை தரவும் இல்லை. நான் அன்றே விதை கேட்டுத் தமையனாருக்குக் கடிதம் எழுதினேன். ஆவணியில், முன்னதைவிடப் பெரிய பொட்டலம் வந்தது. அவ்வளவையும் ஊன்றக் கிணற்றடி போதாது. மார்கழி மழை ஓய்ந்ததும், கணவர் அறுத்த நெல்லைச் சூடடிக்கவென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தைக் கொத்தத் தொடங்கினேன். பார்த்துக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே கொத்தித் தந்தார்.