மாமா முகம் பதித்த செய்தித்தாள்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பொன்னேரியில் அக்கா வீட்டோடு இருந்தேன். லினோலியம் என்ற தரைவிரிப்புத் துண்டில் படம் செதுக்கி, கட்டையில் ஒட்டி, மை உருட்டிப் பழைய செய்தித்தாள்களின் மேல் அச்சடிப்பதுதான் என் பிழைப்பு என்று சொல்லிக்கொள்வேன். பிழைத்ததென்னவோ அக்கா போட்ட சோற்றில்தான்.

மாமாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் வேலை. அந்தப் பக்கம் எங்காவது உலை வெடித்தால் மறுநாள் பேப்பரில் தொழிலாளிகளின் சின்னச் சின்ன போட்டோ வரும். வெடிக்காத நாளில் ஒருவர் முகமும் வராது. எனக்கு அது பெரிய எரிச்சல். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு இடம் கிடைத்ததும் மாமாவின் முகத்தைச் செதுக்கினேன். மேலே கொட்டை எழுத்தில் 'இரும்பாலைத் தொழிலாளி நலமாக வீடு திரும்பினார்' என்று தலைப்பு. எடுப்பாக இருக்கட்டுமென்று சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை வேறு. ஒரு நாளிதழின் முதல் பக்கத்தின் மேலேயே அதை அடித்து, மை காய வாசல் கம்பியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தால் வாசலில் கூட்டம். கறுப்பு மையில் முகம், சுற்றிக் கரை என்றால் நம் ஊரில் அது கண்ணீர் அஞ்சலிதான். தலைப்பை ஒரு மனுஷரும் படிக்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் ரோஜா மாலையே வாங்கி வந்துவிட்டார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாமா, சத்தம் கேட்டு லுங்கியை இறுக்கியபடி வெளியே வந்தார். டீக்கடைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தெருவே சிரித்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படத்தை உருவிக் கிழித்தாள். என் தொழில் அவளுக்கு அத்துப்படி.

"பேப்பரக் கிழிச்சா போதுமா? கட்ட இருந்தா நீ அட்ச்சிக்கினே இருப்ப" என்று உள்ளே போய்க் கட்டையைத் தூக்கி வந்து, வெந்நீர் அடுப்பைப் பார்த்து நடந்தாள். கண்காட்சிக்கு என்னிடம் இருந்த உருப்படியான கட்டை அது ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா குறுக்கே போய் அதை வாங்கிக்கொண்டார்.

"எதுனா ஆனாத்தான் எங்க மூஞ்சி பேப்பர்ல வரும். இன்னிக்கு ஒண்ணும் ஆவாம வந்துகீது. இருக்கட்டும் உடு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கரையை மட்டும் செதுக்கி எடுத்துவிடு என்றாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான்கு பக்கமும் செதுக்கினேன். உளி சறுக்கியதில் மாமாவின் காதும் கொஞ்சம் போய்விட்டது.