ரேனாவின் கடுகு

தெசலோனிகியில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் ஸ்டெர்யோஸ். மனைவி ரேனா இறந்த பிறகு வாரம் ஒரு கடையாக யீரோஸ் தின்று பார்க்கக் கிளம்பிவிட்டான். சுழலும் கம்பியில் வெந்த பன்றிக்கறியைச் சீவி ரொட்டியில் சுருட்டித் தருவார்களே, அதில் ஊரிலேயே சிறந்தது எது என்று கண்டுபிடிக்கிறானாம். வெட்டி வேலை என்று திட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரன் நானும் கூடப் போவேன்.

ரேனா ஏதென்ஸ்காரி. எங்கள் ஊரில் யீரோஸுக்குக் கடுகு விழுது தடவுவது அவளுக்கு ஆகவே ஆகாது. “மூட்டுவலிக்குப் பூசுறதை ரொட்டியில பூசுறீங்களேய்யா!” என்று கடைக்காரர்களைக் கடைசிவரை கிழித்தாள்.

இப்போதும் முதல் கடியிலேயே அவள் குரல் கேட்கிறது என்பான் ஸ்டெர்யோஸ். “கறி காஞ்சு கெடக்குதாம்டா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கடையைத் தேடுவான்.

போன சனிக்கிழமை துறைமுகத்தருகே ஒரு புதுக் கடைக்குப் போனோம். கறியின் ஓரம் மொறுமொறுவென்றிருந்தது. உள்ளே சாறு சொட்டியது. ஒரு கடி கடித்துவிட்டுக் காத்திருந்தான். இன்னொரு கடி கடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

“என்னடா சொல்றா?” என்றேன்.

“ஒண்ணுமே சொல்லலடா.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “எப்படிங்க இருக்கு?”

“கடுகு ஜாஸ்தி,” என்ற ஸ்டெர்யோஸ் பாதியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

நான் அவன் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கடுகு ஒரு சொட்டுக்கூட இல்லை.