ஒரு முழுசு, ஒரு அரை

போன வாரம் பேரனுக்குச் சாரணர் சீருடை தைக்கத் துணி வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் காக்கித் துணியைப் பிரித்து மேசைமேல் ஒரு உதறு உதறினார். புதுக் காக்கிக்கு ஒரு கஞ்சி வாசனை உண்டே, அது மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். "இன்னா, இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் மனைவி. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் ஏதோ சமாளித்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், ஒடுகத்தூர் வழியாக வேலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். பொங்கலுக்கு லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார். அதனால் மார்கழியிலேயே மூன்று நாள் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களைப் பார்த்துவரக் கிளம்பினேன். மனைவியின் அண்ணன் முனிரத்தினம் யாரிடமோ ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். கம்பளிச் சட்டைக்கெல்லாம் அப்போது எங்கே போவது? என்னிடம் இருந்ததிலேயே தடித்த துணி, புதிதாகத் தைத்த காக்கிக் கண்டக்டர் சட்டைதான். அதையே மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒடுகத்தூரில் அத்தை ஜீப்பைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் சாவுச் சேதி என்றுதான் நினைப்பார்கள். சும்மா பார்க்க வந்தோம் என்று நம்பவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. அமிர்தியில் சித்தப்பா வீட்டிலும் அதே கதை. "மூஞ்சியில எழவு ஒட்டிகினு சுத்துறோம் மாப்ள" என்று மச்சான் சொல்ல, திருப்பத்தூர் வரும்வரை சிரித்தோம்.

மூன்றாம் நாள் காலையில் புதூர்நாட்டுக்கு மலையேறினோம். அங்கே என் சிநேகிதன் வெள்ளையன் இருந்தான். புளி மூட்டையோடு என் பஸ்ஸில் ஒடுகத்தூர் கடைகளுக்குப் போய்வருகிறவன். மூட்டைக்கு லக்கேஜ் போட்டால் சண்டை பிடிப்பான். நான் ஊர்ப்பெயர்களை ராகம் போட்டுக் கூவுவதை எனக்கே கூவிக் காட்டி மொத்த பஸ்ஸையும் சிரிக்கவைப்பான். வீட்டுக்கு வா, சாமைச்சோறு ஆக்கிப் போடுகிறேன் என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மேலே போகப் போகப் பனி. இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குளிர் எலும்பை எண்ணுகிறது என்றார் மச்சான். ஊருக்குள் போனால் ஒரு ஆண்பிள்ளையைக் காணோம். அடுப்புகள் மட்டும் எரிகின்றன. வெள்ளையன் வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி பொன்னம்மா தலையை நிமிர்த்தாமலே, அவர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றாள். அன்றைக்குச் சந்தையே கிடையாது. நான்தாம்மா, பஸ் கண்டக்டர் என்றதும் நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"பனியில மூஞ்சி தெரியல, உங்க சட்டயப் பாத்துதாண்ணா ஓடுனாரு. புள்ளயயும் தூக்கினு ஓடிட்டாரு."

மலையில் அப்போது ஜீப்பும் காக்கியும் சேர்ந்து ஏறினால் ஏதோ போலீஸ் விசாரணை என்று அர்த்தம். செய்தவன் செய்யாதவன் எல்லாரும் முதலில் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். கேள்வி பதிலெல்லாம் பிறகு. எனக்கு இது தெரியாததல்ல. என் சட்டையை நானே வெளியிலிருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை லச்சுமிக்கு ஐந்து வயது. மூன்று நாளாக இருமல். அப்பன் மடியில் உட்கார்ந்து நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தவளை அப்படியே வாரிக்கொண்டு ஓடியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் கொஞ்ச தூரத்தில் பாறைச் சரிவு. அந்தப் பனியில் அதன் விளிம்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மச்சானும் கூப்பிட்டார். யார் குரல் என்று தெரியாமல் பெயரைக் கூப்பிடக் கூப்பிட அவன் இன்னும் உள்ளேதான் போவான் என்று உறைக்கவில்லை. என் புத்தியைப் பாருங்கள், பையிலிருந்து விசிலை எடுத்து ஓங்கி ஊதினேன். பொன்னம்மா பாய்ந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதாதீங்கண்ணா. அதக் கேட்டா சரிவுல எறங்கிடுவாரு."

அப்போது பனிக்குள் எங்கோ ஒரு கல் பெயர்ந்து உருளும் சத்தம். உருண்டுகொண்டே போனது. பொன்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டோம் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

பிறகு என்ன தோன்றியதோ, காட்டோரம் போய், கையைக் குவித்து, பஸ் ஸ்டாண்டில் கூவுவதுபோலக் கூவினேன். "ஆலங்காயம், ஒடுகத்தூர், அணைக்கட்டு, வேலூரே..." குரல் உடைந்து உடைந்து வந்தது. அழுதுகொண்டே ஊர்ப்பெயர் கூவிய கண்டக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு தடவை, இரண்டு தடவை. பதில் இல்லை. எத்தனையாவது தடவையோ, வேலூரைத் தொடுவதற்குள் பனிக்குள்ளிருந்து டிக்கெட் கேட்கும் குரல் வந்தது:

"ஒரு முழுசு, ஒரு அர."

பொன்னம்மா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளையன் தோளில் வந்த லச்சுமி என் சட்டையைப் பார்த்ததும் வீரிட்டாள். கழற்றி ஜீப்புக்குள் எறிந்தேன். சாமைச்சோறு தின்று முடிக்கும்வரை பனியனோடு வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளையன் என்னைக் கேலி பண்ணிக்கொண்டேயிருந்தான். கிளம்பும்போது மட்டும் ஜீப் அருகில் வந்து, பொன்னம்மா காதில் விழாதபடி சொன்னான்.

"விசிலு சத்தம் வந்தப்ப புள்ள இருமிச்சி. வாயப் பொத்தினேன். மூக்கயும் சேத்துப் பொத்திட்டேன் போல. கூவுறது நீதான்னு தெரிஞ்சி கைய எடுத்தா, ஒதடு கறுத்துப் போயிருந்திச்சி கண்டக்டரே."

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

இப்போது அந்த ஊருக்குத் தார் ரோடு. எந்த வண்டி ஏறினாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பொன்னம்மா முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். வெள்ளையன் போயும் ஆறு வருஷமாகிறது. போன மாதம் லச்சுமி, தன் மகன் ஓட்டிய காரில், போனில் நேரம் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கும் உங்களுக்கும் எப்படி மாமா பழக்கம் என்று கேட்டாள். அந்தக் காலைப்பொழுது அவளுக்குத் துளியும் ஞாபகமில்லை.

புளி மூட்டைச் சண்டையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.