பன்னிரண்டு மணிக்கு முடிகிற வேலை

என் அத்தை குஞ்சம்மாளுக்கு நான் எழுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். அப்பாவோடு பிறந்த அத்தையும் அவள்தான், என் பெண்டாட்டி அஞ்சலாட்சியைப் பெற்ற மாமியாரும் அவள்தான். குடியிருந்ததும் ஒரே வீட்டில். கடன் கொடுத்தவள் முகத்தில் தினமும் காலையில் விழித்தவன் நான்.

எங்கள் ஊர் சாரத்தில் வந்து ஐஸ் கொளஞ்சி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு வேன் ஓடுகிறது, மச்சு வீடு இருக்கிறது, அலமாரி நிறைய பெத்தாங் ஆட்டத்தில் ஜெயித்த கோப்பைகள் இருக்கின்றன. எவனும் தூக்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. எழுபத்தெட்டாம் வருஷம் இதில் ஒன்றுமே இல்லாமல் போக இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு மில்லில் வேலை. அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. பேர் நிரந்தரமாகியிருந்தது. மில்லில் பேர் நிரந்தரமானவன் என்றால் அந்தக் காலத்தில் கடைக்காரன் கேட்காமலே அரிசி அளப்பான். ஆனால் என் உடம்பு ஓரிடத்தில் நிற்கிற உடம்பு இல்லை. மெஷின் இந்தப் பக்கம் ஓடும், நான் மனசுக்குள் அந்தப் பக்கம் ஓடுவேன். இடையில் ஆடு வாங்கி விற்றுப் பார்த்தேன். தேங்காய் மொத்தமாக எடுத்துப் பார்த்தேன். சோடா போட்டும் பார்த்தேன். நட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சம் என்று நானும் சொல்ல முடியாது.

ஒன்றில் மட்டும் மனம் நின்றது. பெத்தாங். இரும்புக் குண்டை எறிந்து, தரையில் கிடக்கும் சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பிரெஞ்சுக்காரன் போனபோது நம்மிடம் விட்டுப் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மரத்தடியில் கூடி ஆடுவார்கள். அதில் முசே தேவதாஸ் என்று ஒருவர். மில்லுக்காரன் வந்து நிற்கிறானே என்று மற்றவர்கள் முறைத்தபோது அவர்தான் ஒரு குண்டை என் கையில் கொடுத்தார். முதல் எறியிலேயே நான் எதிராளியின் குண்டைத் தட்டித் தூக்கினேன். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மில்லில் ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம்தான் சாயங்காலம் என்னுடையது.

"மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்து ஆடுனா கை எப்பிடிப்பா நிக்கும்? ஒண்ணு மில்லுக்குப் போ, இல்ல இங்க வா" என்றார் தேவதாஸ்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது முள்ளாக ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு முடிகிற வேலை ஒன்று இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

இரவு ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் மீன் வாங்கப் பிள்ளைச்சாவடி போயிருந்தேன். கரையில் முத்தம்மாள் என்கிற மீன்காரம்மா கூடை கூடையாகக் கானாங்கெளுத்தியை வைத்துக்கொண்டு ஐஸ் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். டவுனிலிருந்து வரவேண்டிய வண்டி வரவில்லை. வெயில் ஏற ஏற அவள் சொல்கிற விலை இறங்கியது. மீன் வாங்கப் போனவன் மீனை மறந்துவிட்டேன். விடியலில் ஐஸ் கம்பெனியில் சரக்கு எடுத்து, கட்டுமரம் கரைக்கு வரும்போது இங்கே நின்றால், பதினொன்றுக்கெல்லாம் வண்டி காலி. என் மூளை அப்படி. ஒரு தடவை பார்த்தால் போதும்.

மூன்று சக்கர வண்டி வாங்கப் பணம் வேண்டும். குஞ்சம்மாளிடம் கேட்டேன். மாமா மில்லில் இருந்து இறந்தபோது வந்த பணம் அவளிடம் இருந்தது.

"உங்க மாமா பஞ்ச முழுங்கிச் செத்த காசுடா இது. அத வாங்கி நீ தண்ணி விக்கப் போறியா?"

"தண்ணி இல்ல அத்த. ஐஸு."

"செத்த நேரம் போனா அதுவும் தண்ணிதான?"

அஞ்சலாட்சி உள்ளேயிருந்து, "குடும்மா. இல்லன்னா இது வீட்ல உக்காந்துகிட்டு எங்க உசுர வாங்கும்" என்றாள். என்னை 'இது' என்றுதான் சொல்வாள்.

எழுநூறு ரூபாயை அத்தை கொடுத்தாள். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டாள். போகிக்குள் முழுப் பணமும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நான் மறுபடி மில்லுக்குப் போக வேண்டும், குண்டைக் கையால் தொடக்கூடாது. மில் மேஸ்திரியிடம் அவளே போய்ப் பேசி, உடம்பு சரியில்லை என்று எனக்கு லீவு வாங்கி, பொங்கல் வரைக்கும் என் பேரை அடிக்காமல் வைத்திருக்கச் செய்தாள். நான் தோற்பேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தொழில் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டது. நீளமான ஐஸ் கட்டியை, பார் என்போம், அதைக் கோணியில் சுற்றி, சுற்றிலும் உமியைத் திணித்து, மேலே இன்னொரு கோணியை நனைத்துப் போடுவேன். சொன்ன நேரத்துக்கு நிற்பேன். முத்தம்மாள் வாங்கினாள், அவளைப் பார்த்து மற்ற பெண்களும் வாங்கினார்கள். பழைய ஐஸ்காரன் தவளக்குப்பம் பக்கம் போய்விட்டான்.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. ஆனால் மனசுக்கு முடியவில்லை. நாலு மணிக்கு மரத்தடியில் குண்டைக் கையில் எடுத்தால், நாளைக்கு எத்தனை பார் எடுப்பது, மழை வருமா, போகிக்குள் சேருமா என்றே ஓடும். எறிந்த குண்டு எங்கேயோ போகும்.

"மில்லுல இருந்தப்பவே நல்லா ஆடுன. இப்ப முழு சாயங்காலமும் கையில வெச்சுக்கிட்டு என்னா ஆட்டம் இது?" என்றார் தேவதாஸ். ஆனாலும் என்னைத் தன் அணியில் மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். மார்கழி நடுவில் ஒரு போட்டி இருந்தது. நாலு மணிக்கு வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்தைய நாள் கடல் அள்ளிக் கொடுத்தது. ஐஸ் போதாமல் பெண்கள் என் வண்டியைச் சுற்றிச் சண்டை போட்டார்கள். நான் கணக்குப் போட்டேன். மறுநாள் இரண்டு மடங்கு எடுத்தால் ஒரே நாளில் கடன் தீரும், போட்டியிலும் நிம்மதியாக ஆடலாம். கையிலிருந்த காசையெல்லாம் போட்டு, வண்டி முனக முனகப் பாரை ஏற்றிக்கொண்டு விடியலில் மிதித்தேன்.

கரைக்குப் போனால் ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இல்லை. எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. கடலோ குளம் மாதிரி கிடந்தது. வலை பின்னுகிறவன்கூட யாரும் இல்லை. தெருவுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "ஏம்பா, கடல் இப்பிடிக் கெடக்கு, ஒருத்தனும் போவலயா? நான் வண்டி நெறைய ஐஸு கொண்டாந்திருக்கேன், யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

முத்தம்மாள் தலைமுடியை விரித்துப் போட்டபடி ஒரு வாசலிலிருந்து வந்தாள்.

"எங்க பெரியப்பா குப்பன் செத்துக் கெடக்காரு. சாவு விழுந்தா ஊரே கடலுக்குப் போவாது. தெரியாதா ஒனக்கு?"

"செத்தது ஒருத்தரு. மரம் எத்தினி இருக்கு?"

"மில்லுல ஒருத்தன் செத்தா அடுத்தவன் நூல் ஒட்டுவான். இங்க அப்பிடி இல்ல. போ அந்தாண்ட."

மில்லில் சாவு விழுந்தால் சங்கு ஊதுவது நிற்காது. எனக்குத் தெரிந்த உலகம் அது. நான் கத்தியது வாஸ்தவம். இரண்டு மடங்கு ஐஸ் வெயிலில் நிற்கும்போது யாராக இருந்தாலும் கத்துவான். வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் உமியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. டவுனுக்குக் கொண்டுபோய்ப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஊர் எல்லை தாண்டுமுன் ஒரு ஆள் ஓடிவந்தான். குப்பனின் மகன் விசாகப்பட்டினத்தில் மீன்பிடி போட்டில் வேலையாக இருந்தானாம். முந்தைய நாள் மதியமே தந்தி போயிருக்கிறது. சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான் என்று சேதி. அதுவரை உடம்பு தாங்க வேண்டும்.

"முத்தம்மா அக்கா ஒன்னக் கூப்புடுது. வருவியா, மாட்டியா?"

வண்டியை நிறுத்தினேன். வடக்கே சாவு வீடு. தெற்கே டவுனும், பாதிக் காசும், நாலு மணிப் போட்டியும். அஞ்சலாட்சி அடிக்கடி சொல்வாள், இதுக்கு வீம்பு ஜாஸ்தி, ஆனா ஈரம் இருக்கு என்று. வண்டியைத் திருப்பினேன்.

ஐஸ் அடுக்குவதில் என்னைப்போல இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கட்டிலுக்கு அடியிலும் இரண்டு பக்கத்திலும் பாரை நிறுத்தி, உமி கொட்டி, கோணி போர்த்தினேன். உருக உருக மாற்றினேன். மதியம் போனது. நாலு மணி ஆனது. எழுந்து வாசலுக்கு வந்தேன், திரும்ப உள்ளே போனேன். பையன் பொழுது சாயும்போதுதான் வந்தான். அப்பன் முகத்தைப் பார்த்தான். எடுத்தார்கள். வண்டியில் வெறும் உமிதான் மிச்சம். சாவு வீட்டில் காசு கேட்கிற ஜாதி நானில்லை. கேட்கவில்லை. வயிறு எரிந்தது வேறு விஷயம்.

மறுநாள் தேவதாஸ் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. என் இடத்தில் வேறு ஒருவனைச் சேர்த்து ஆடித் தோற்றிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். "போகியன்னைக்கி நாலு மணிக்கி ஒரு ஆட்டம். இந்தத் தடவ வரலன்னா இந்தப் பக்கமே வராத."

அதற்குப் பிறகு நாளெல்லாம் ஓட்டம்தான். எவ்வளவு விற்றும் அந்த ஒரு நாள் விழுந்த குழி நிரம்பவில்லை. போகிக்கு முந்தைய நாள் பார்த்தால் நூறு ரூபாய்க்கு மேல் குறைந்தது. வீட்டில் அத்தை என் மில் காக்கி டவுசரைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தாள்.

போகியன்று காலையில் பிள்ளைச்சாவடி பஞ்சாயத்தார் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஐஸ் எடுக்க மாட்டோம் என்று சொல்லப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

பெரியவர் ஒருவர் சொன்னார்: "சாவுத் தெருவுல சத்தம் போட்டதுக்கு அம்பது ரூபா அபராதம்."

"அபராதமா? அன்னைக்கி நான் குடுத்த ஐஸு..."

"அதுக்குத்தான் வரோம். குப்பன் கணக்குல எத்தினி பாரு?"

"அது நான் சும்மா குடுத்தது. சாவு வீட்ல நான் காசு வாங்க மாட்டேன்."

முத்தம்மாள் குறுக்கே வந்தாள். "நீ சும்மா குடுத்த. எங்க பெரியப்பா சும்மா வாங்குனாருன்னு யாரு சொன்னா? இன்னைக்கி அவருக்குக் கருமாதி. கடனோட அவர நாங்க அனுப்ப மாட்டோம். வெலயச் சொல்லு."

எடுத்த விலையைச் சொன்னேன். அபராதம் போக மீதியை எண்ணிக் கொடுத்தார்கள். "ரெண்டு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே, நாளன்னைக்கிக் கரி நாளு, ஊரே மீனு கேக்கும், ரெண்டு மடங்கு கொண்டா" என்றாள் முத்தம்மாள். கரையிலேயே இரண்டு கானாங்கெளுத்தியை வாங்கி ஓலையில் சுற்றிக்கொண்டு சாரத்துக்கு மிதித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மூன்றரைக்கு மேல் ஆகியிருந்தது. அத்தை வாசலில் நின்று பழைய பாய் எரிந்த சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"டவுசர் காஞ்சிடுச்சிடா. நாளன்னைக்கி மறுநாள் காலை ஷிப்டு. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்."

"அத மடிச்சி உள்ள வை அத்த. கைய நீட்டு."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையில் சாம்பலைத் துடைத்துக் கையை நீட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"இரு இரு. இதென்னா ஈரம்? நோட்டுல மீன் நாத்தம் அடிக்கிது."

"செல்லுமா செல்லாதா, அத மட்டும் பாரு."

"மில்லு நோட்டுன்னா மொறமொறன்னு இருக்கும்" என்று சொல்லி, வைத்த நோட்டை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மரத்தடியில் தேவதாஸ் கோடு கிழித்திருப்பார். அஞ்சலாட்சி கதவோரம் நின்று சிரித்தாள். "வேணும்னே பண்றியேம்மா. இதுக்கு ஆட்டத்துக்கு நேரமாவுது, சீக்கிரம் எண்ணி அனுப்பு" என்றாள்.

"வட்டி?" என்றாள் அத்தை.

ஓலைப் பொட்டலத்தை அஞ்சலாட்சியிடம் கொடுத்தேன். "ரெண்டு கானாங்கெளுத்தி. நாளன்னைக்கி வரைக்கும் வெச்சிருக்கணும்னா ஐஸும் இருக்கு."

அத்தை சிரிக்கவில்லை. கையையும் மடக்கவில்லை. "எண்ணு, எண்ணு" என்றாள். நான் எண்ணினேன். அறுநூற்றுத் தொண்ணூறு வந்தது. கடைசிப் பத்து ரூபாய் நோட்டு சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்து, விரித்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன்.