எங்கள் வீட்டுப் பூனை அல்ல

எங்கள் ஆய்வகத்தின் ஜீப் ஓட்டுநரைப் பொட்டலம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஜீப் ஓட்டுவது அவருக்குப் பாதி வேலை. காட்டுப்பூனை விட்டையைத் தேடிப் பொறுக்கி, காகிதக் கவரில் மடித்து என்னிடம் கொண்டுவருவது மீதி. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து மரபணு எடுத்து, எந்தப் பூனைக்கு எது உறவு என்று சொல்வது என் பிழைப்பு.

ஈர விட்டை சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு மழைக்காலத்தில் அண்ணன் கவர்களைத் திறந்து வீட்டு மாடியில் காயவைத்தார். அண்ணி வளர்க்கும் கொழுத்த பூனை தன் பங்கையும் அதில் சேர்த்துவிட்டது. பத்து நாள் மெனக்கெட்டு நான் கண்டுபிடித்தது அதைத்தான். நன்றாக டோஸ் விட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கவரிலும் இடம், தேதிக்குக் கீழே 'எங்கள் வீட்டுப் பூனை அல்ல' என்று எழுத ஆரம்பித்தார். கேலியா, ரோஷமா, எனக்குத் தெரியாது.

காட்டுக்கு நடுவே நெடுஞ்சாலை போட்டு, இருபுறமும் ஆளுயர வேலி கட்டியபின் கிழக்குத் துண்டு தனியாக மாட்டிக்கொண்டது. அங்கே பூனைகள் நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்து சேர்ந்து, மரபணுவில் எல்லாம் ஒரே அச்சு. காட்டில் நாங்கள் கட்டிவைத்த கேமராவில் விழும் குட்டிகளுக்கு வால் நுனி மடங்கியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அழகு, எனக்கு அது ரத்தம் நலிந்துபோனதன் அடையாளம். ஒரு நோய் வந்தால் போதும், மொத்தமாகப் போய்விடும்.

சாலைக்கு அடியில் பழைய சிமென்ட் குழாய் ஒன்று இருந்தது. பூனை அதில் வந்துபோகிறது என்று அண்ணன் சாதித்தார். லீவு நாளில்கூடப் போய், அடைத்திருக்கும் சருகை வாரிவிட்டு வருவார். சாலையை அகலப்படுத்துகிறவர்கள் அதை மூடப்போவதாகச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் ஆதாரம் கொடுத்தால் விட்டுவைப்பார்களாம்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, கிழக்கிலிருந்து அவர் கொண்டுவந்த கவரில் மேற்குப் பூனையின் அடையாளம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"அண்ணே, குழாயைக் காப்பாத்தணும்னு கவரை மாத்தி வச்சிட்டீங்களா?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. "நான் மறதிக்காரன்தாம்மா. பொய் சொல்றவன் இல்ல. இன்னொரு தடவை பாரு" என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கழுவப் போய்விட்டார்.

பார்த்தேன். அவசரத்தில் நான்தான் பாதியைப் படித்துவிட்டுக் குதித்திருக்கிறேன். சரிபாதி மேற்கு, சரிபாதி கிழக்கு. கவர் மாறியிருந்தால் அது முழு மேற்குப் பூனையாக இருந்திருக்கும். இரண்டு விட்டை கலந்திருந்தால் ஒரு பூனைக்கு உரிய கணக்குக்கு மேல் அடையாளங்கள் தெரிந்திருக்கும். தாய்வழியாக மட்டுமே வரும் மரபணு கிழக்குடையது. இது மேற்கு அப்பாவுக்கும் கிழக்கு அம்மாவுக்கும் பிறந்த குட்டி. அப்பன் குழாய் வழியாக வந்திருக்கிறான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஜீப் ஷெட்டுக்கு ஓடி மன்னிப்புக் கேட்டேன். அவர் சோப்பு நுரைக் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"குட்டிக்கு வால் நேரா இருக்குமா?"

அறிக்கை போனது, குழாய் பிழைத்தது. அடுத்த மாதம் குழாய் வாசல் கேமராவில் நேர் வாலோடு ஒரு குட்டி விழுந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் எடுத்த விட்டையை அண்ணன் என் மேசையில் வைத்தார். கவரில் இடம், தேதி, கீழே வழக்கமான அந்த வரி. 'எங்கள் வீட்டுப் பூனை' என்பதோடு நின்றிருந்தது. மறதியா என்று நான் கேட்கவில்லை.