கூறப்படுகிறது

இருதயசெல்விக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிறவிக் குணம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும், மயிலம் வருவதற்குள் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவாள். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதடி, வீட்டுக்கு ஆவாது" என்று அம்மா லூசியா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளை ஆய்வுக் கட்டுரை எழுத உட்காரவைத்தால் என்ன ஆகும்? இதழியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. தலைப்பை அவளே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தாள் என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. மாவட்டத்தில் நடக்கும் மூன்று இணையச் செய்தித் தளங்களிலிருந்து அறுபது செய்திகள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வரி 'கூறப்படுகிறது' என்று முடியும். குடும்பத் தகராறே காரணம் என்று கூறப்படுகிறது. அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்று கூறப்படுகிறது. சரி, கூறியது யார்? எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்டு, அட்டவணையில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே கூறியவர் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஒரு நிருபர், "எல்லாரும்தாம்மா சொன்னாங்க" என்றார். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். இன்னொருவர், "அது ஒரு நடைக்குப் போடறதும்மா. சாம்பார்ல பெருங்காயம் போடறதில்ல?" என்றார். நாற்பது செய்திகள் முடிவதற்குள் செல்விக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இவர்கள் எல்லாம் செய்தி எழுதவில்லை என்று யார் அழுதார்கள் என்று நோட்டு ஓரத்தில் எழுதி, பிறகு அடித்தாள்.

நாற்பத்தொன்றாவது செய்தியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

கிளியனூர் வளைவில் பள்ளி வேன் பள்ளத்தில் இறங்கியது. நான்கு குழந்தைகளுக்குச் சிராய்ப்பு. ஓட்டுநர் சுப்பராயலு மதுபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது. 'நொடிச்செய்தி' தளம், போன ஜூலை மாதம். அந்த ஜூலையில் 'நொடிச்செய்தி'க்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போனவள் செல்விதான். இதைத் தட்டியதும் அவள்தான்.

நன்றாகவே நினைவிருந்தது. நிருபர் போனில் அவசரமாகச் சொன்னது ஐந்து வரிக்குத்தான் தேறியது. ஆசிரியர் சீனுவாசன் திரையை எட்டிப் பார்த்து, "காரணம் இன்னான்னு ஒரு வரி போடும்மா. ஜல்தி, அடுத்தவன் போட்டுடப் போறான்" என்றார். செல்வி போட்டாள். அவளிடம் யாரும் எதையும் கூறவில்லை. காலை வேளையில் வேன் பள்ளத்தில் இறங்கினால் வேறென்ன இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். 'கூறப்படுகிறது' என்பது அப்போது அவளுக்கு வாக்கியத்தை முடிக்கிற ஒரு சொல், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மறுநாள் கல்லூரியில் பேராசிரியர் நெடுஞ்செழியனிடம் சொன்னாள். அவர் படித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீயே எழுதினது சாம்பிள்ல வரக் கூடாதும்மா. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுக்க. அறுபது அறுபதாவே இருக்கும்."

முறைப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. சீனுவாசன் வேறு பரீட்சை முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் தளத்தில் காரணத்தைக் கையால் சமைத்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த அலுவலக மாடிப்படி ஏற முடியாது. செல்வி நாற்பத்தொன்றை எடுத்துவிட்டு, கண்டாச்சிபுரத்தில் குரங்குத் தொல்லை என்ற செய்தியைப் போட்டாள். ரயிலில் வரும்போது குரங்கை எடுத்துவிட்டு வேனைப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி குரங்கு. புதன்கிழமை முழுக்க இப்படியே போயிற்று.

வியாழக்கிழமை காலை ரயிலுக்குப் போகாமல் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி கிளியனூரில் இறங்கினாள். அந்த ஆள் அன்றைக்குக் குடித்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே போனாள். ஒருவர் குடித்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்கலாமா என்று உறுத்தியது. அதற்கும் சேர்த்து ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

விசாரித்துக்கொண்டு போனபோது சுப்பராயலு வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்லூரியிலிருந்து வருகிறேன், அந்த வேன் செய்தி பற்றி ஆய்வு எழுதுகிறேன் என்றாள். அவர் மனைவி சின்னபொண்ணு, "இன்னுமா அந்தப் பேஜாரு முடியல?" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"டயரு வெடிச்சிதும்மா" என்றார் சுப்பராயலு. "போலீஸ்காரங்க அங்கியே ஊதச் சொன்னாங்க. ஊதினேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதுக்குள்ள எல்லாப் பேரண்ட்ஸ் போன்லயும் நான் குடிகாரன்னு வந்துடுச்சி. ஸ்கூல்ல இன்னா பண்ணுவாங்க, இனிமே வரவேணாம்னுட்டாங்க. இப்ப நெலத்துல பாடுபட்டுக்கினு இருக்கேன்."

செல்வி நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்றும் எழுதவில்லை.

"வேலை போனாப் போவுது" என்றார் அவர். "சொன்னவன் யாருன்னு நெனைக்கிறே? வெங்கடாசலம்."

"யாருங்கண்ணா அது?"

"வளைவுல டீக்கடை வெச்சிருக்கான். சின்ன வயசுலேந்து ரெண்டு பேரும் ஒண்ணாவே சுத்தினவங்க. வேன் எறங்கினப்ப அங்க இருந்தவன் அவன் ஒருத்தன்தான். ஓடியாந்து புள்ளைங்கள வெளிய எடுத்ததும் அவன்தான். 'கூறப்படுகிறது'ன்னு போட்டிருக்குது. யாரோ கூறித்தானே இருக்கணும்? நிருபர்கிட்ட நின்னு பேசிக்கினு இருந்தவன் அவன்தான், என் கண்ணால பாத்தேன். அன்னியிலேந்து அவன் மூஞ்சில முழிக்கறதில்ல. தை மாசம் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சான். போவல."

ஆள் இல்லாத வார்த்தையை எழுதிவிட்டால், படிக்கிறவர் அதற்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக்கொள்வார். அறுபது செய்திகளைப் புரட்டியும் செல்விக்கு இது தோன்றவில்லை. கூறியது யார் என்று எழுதியவர்களிடம் கேட்டாளே தவிர, கூறியது யார் என்று நினைத்தீர்கள் என்று படித்தவர்களிடம் கேட்கவில்லை.

போய்விடலாம் என்றிருந்தது. இன்னொரு கல்லூரிப் பெண் வந்தாள், கேட்டாள், போனாள் என்று இவரும் மறந்துவிடுவார். எழுந்தே விட்டாள். ஆனால் கால் நகரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"யாரும் சொல்லலண்ணா. நான்தான் எழுதினேன். காரணம் வேணும்னாங்க. நானே போட்டுட்டேன்."

சுப்பராயலு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உன்ன நான் பாத்ததே இல்லியேம்மா" என்றார்.

பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வா. இதை அவங்கிட்ட வந்து சொல்லு."

டீக்கடைக்கு ஐந்து நிமிட நடை. வெங்கடாசலம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து சுப்பராயலு படியேறி வருவதைப் பார்த்துக் குழாயை மூட மறந்துவிட்டார். செல்வி எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சொன்னாள். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது.

"இதுக்குத்தானா?" என்று வெங்கடாசலம் சுப்பராயலுவைப் பார்த்துக் கேட்டார். "கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்டா, நீ வந்துடுவேன்னு. நான் இன்னா தப்பு பண்ணேன்னே எனக்குத் தெரியல. வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சுப்பராயலு பெஞ்சில் உட்கார்ந்தார். வெங்கடாசலம் டீ ஆற்றி அவர் முன்னால் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"கட்டுரையில எல்லாத்தையும் எழுதிடறேங்க. என் பேரு போட்டே எழுதறேன்" என்றாள் செல்வி.

"எழுதும்மா" என்றார் வெங்கடாசலம். கோபமில்லாமல்தான் சொன்னார். "அன்னிக்கு உங்க நிருபரு ஜல்தியா போவணும்னு என் நம்பர வாங்கிக்கினு போனாரு, ஆபீஸ்லேந்து பேசுவாங்கன்னாரு. வெடிச்ச டயர ஓரமா எடுத்து வெச்சிட்டு, சாயங்காலம் வரிக்கும் போன கையிலயே வெச்சிக்கினு இருந்தேன். யாருமே பண்ணலியேம்மா."